26 கல்லும் ஒரு காலிக் குழியும்: கொடுமணல்ல இருந்து வடசேரி வரைக்கும்

நாள் 1: கொடுமணல்

ராத்திரி பத்தரை ஆகுது. சென்னிமலைல பெரியம்மா வீட்டு மொட்டை மாடில உக்காந்து டைப் பண்றேன். நாள் பூரா காட்டுக்குள்ள நடந்ததுல கால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ஆனா இன்னிக்கே எழுதலைன்னா பாதி மறந்துரும்.

முதல்ல ஏன் கெளம்பினேன்னு சொல்லிடறேன். எங்க அம்மாயியோட செவப்புக்கல் அட்டிகை அம்மாகிட்ட வந்து, அங்க இருந்து ரெண்டு வருஷம் முன்னாடி எங்கிட்ட வந்துச்சு. 27 கல்லு. நடுவுல பதக்கத்துல பெருசா ஒண்ணு, ரெண்டு பக்கமும் 13, 13. தை மாசம் தம்பி கல்யாணத்துக்குப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து கழட்டறப்ப பாத்தா எடது பக்கம் நாலாவது கல்லக் காணோம். மண்டபம் பூரா தேடியாச்சு, கார் சீட்டெல்லாம் தூக்கிப் பாத்தாச்சு, கெடைக்கவே இல்ல. குழி மட்டும் இருக்கு, அதுக்குள்ள கருஞ்செவப்பா காஞ்சுபோன அரக்கு.

சரி பண்ணலாம்னு ஒரு பெரிய நகைக்கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கல்ல யாரும் பாக்கவே இல்ல. மெஷின்ல வச்சு, கல்லு எடை அரக்கு எடை கழிச்சு, பழைய நகைன்னு மாத்துல கொஞ்சம் கழிச்சு, 5 பவுன் அட்டிகைய மூணே முக்கால் பவுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, "உருக்கிட்டு புதுசா எடுத்துக்கோங்க மேடம், இந்த வேலையெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல"ன்னாங்க. அப்ப கல்லுன்னு கேட்டேன். வேணும்னா பேப்பர்ல மடிச்சுத் தருவோம், அதுக்கு வெலை இல்லன்னாங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அம்மாயி கழுத்துல இருந்தப்ப அந்தக் கல்லுக்குத்தான ஊரே திரும்பிப் பாத்துச்சு, அதுக்கு எப்படி வெலை இல்லாமப் போகும்? கட்டறவங்க எங்க இருக்காங்கன்னு விசாரிக்க ஆரம்பிச்சதுதான், அப்படியே இந்தக் கல்லுங்களோட கதைய அடில இருந்து பாக்கணும்னு ஆசை வந்து ஆறு நாள் லீவு போட்டுட்டேன்.

அடின்னா கொடுமணல்தான். சென்னிமலைக்கு மேக்கால, நொய்யல் ஆத்தோட வடகரைல இருக்கற சின்ன ஊரு. பதிற்றுப்பத்துல கபிலரும் அரிசில்கிழாரும் இந்த ஊரச் சொல்லியிருக்காங்க. "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்"னு அரிசில்கிழார் பாடறாரு, கொடுமணத்துல செஞ்ச, வேலைப்பாடு மிகுந்த அரிய நகைகள்னு அர்த்தம். சேர ராஜாவப் பாடற பாட்டுல ஒரு ஊரோட கைவேலைக்கு இடம் குடுத்திருக்காங்க பாருங்க. ரெண்டாயிரம் வருஷம் ஆகியும் பேரு பெருசா மாறல, கொடுமணம் இப்ப கொடுமணல், பஸ் போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு.

1985ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்க தோண்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம், மத்திய தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறைன்னு மாத்தி மாத்தி வந்திருக்காங்க. கெடைச்சதுல ரொம்ப முக்கியமா நான் நெனைக்கறது முழுசா முடிஞ்ச மணிங்கள இல்ல, முடியாத மணிங்கள. ஓட்டை போடாதது, பாதி ஓட்டை போட்டது, பாலிஷ் பண்ணாதது, செதுக்கறப்ப ஒடஞ்சதுன்னு தூக்கிப் போட்ட சில்லு. எங்கயோ செஞ்சத வாங்கிப் போட்டுக்கிட்ட ஊரு இல்ல இது, பட்டறை வச்ச ஊருன்னு அந்தச் சில்லுங்கதான் சாட்சி சொல்லுது. நீலம், பச்சைத் தண்ணி நிறத்துல வர்ற பெரில், பளிங்கு, செவ்வந்திக்கல், செவப்பா இருக்கற சூதுபவளம், வரி வரியா இருக்கற அகேட்டுன்னு எல்லாம் இங்க வேலை நடந்திருக்கு. லாபிஸ் லசுலின்னு ஒரு கருநீலக் கல்லு கூட கெடைச்சிருக்கு, அது ஆப்கானிஸ்தான் பதக்சான் மலைல இருந்து வரணும். ஒரே ஒரு கல்லறைல 2220 சூதுபவள மணி இருந்துச்சாம். ஒவ்வொண்ணுலயும் நூல் போற அளவுக்கு ஓட்டை. சூதுபவளம் இரும்ப விட கெட்டியான கல்லு, சாதாரண ஊசிய வச்சு அதுல ஒண்ணும் பண்ண முடியாது. நுனில வைரத்துணுக்கு பதிச்ச துளைப்பான வில்லுக்கயிறு கட்டி முன்னயும் பின்னயும் இழுத்து இழுத்துப் போட்டிருக்காங்க, ஒரு பக்கம் இருந்து பாதி, மறுபக்கம் இருந்து மீதி. அந்த மாதிரி 2220 தடவை, யாரோ ஒருத்தர் செத்ததுக்கு கூட வச்சு அனுப்ப.

நேர்ல போனா பெருசா ஒண்ணும் தெரியாதுங்க, அதையும் சொல்லிடறேன். தோண்டின குழியெல்லாம் மூடியாச்சு. சோளத்தட்டு, பனமரம், அங்கங்க வட்டமா கல்லு, அவ்வளவுதான். நொய்யல்ல சாயம் கலந்து கெடக்கறது பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆடு மேச்சுக்கிட்டு இருந்த ஒரு ஆத்தா, "என்ன அம்மிணி தேடற, பாசியா?"ன்னு கேட்டாங்க, பாசின்னா இந்த மணிங்கதான். ஆமாங்க ஆத்தான்னேன். "மழை பேஞ்ச மறுநாள் வரோணும், மண்ணு கழுவிட்டுப் போயி மேல வந்து மினுங்கும். நாங்க சின்னப் புள்ளைல பொறுக்கி வெளையாடியிருக்கறோம்"னாங்க. வெளையாடிட்டு எங்க போட்டீங்கன்னு கேட்டதுக்கு காட்டையே கை காட்டினாங்க. அங்கயே ஒரு பளிங்குச் சில்லு கண்ணுல பட்டுச்சு, நகம் அளவு, ஒரு ஓரம் கத்தி மாதிரி. உள்ளங்கைல வச்சு கொஞ்ச நேரம் பாத்துட்டு எடுத்த எடத்துலயே வச்சுட்டு வந்தேன், அது அந்த மண்ணோடது.

நாள் 2: படியூர், காங்கேயம், சிவன்மலை

காலைல காங்கேயத்துக்கு பஸ். இங்க இருந்து திருப்பூர் போற ரோட்டுலதான் படியூர். வழில பாத்தா சாதாரண ஊரு, டீக்கடை, மில்லு. ஆனா ஒரு காலத்துல ரோமாபுரி வரைக்கும் இந்த ஊர்க் கல்லு போயிருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. இங்க கெடைச்சது பெரில், அதுல கடல்தண்ணி நிறத்துல வர்றதத்தான் கடைல அக்வாமரின்னு விக்கறாங்க. 1819-20 வாக்குல ஒரு வெள்ளைக்காரர் இங்க கெணறு மாதிரி எறக்கி ரெண்டாயிரத்துக்கும் மேல கல்லு எடுத்ததா பழைய கோயமுத்தூர் ஜில்லா குறிப்புல இருக்கு. கொடுமணல் பட்டறைக்கு பெரில் படியூர்ல இருந்து, நீலம் சிவன்மலைல இருந்து, பளிங்கு வெங்கமேட்டுல இருந்துன்னு கணக்கு சொல்றாங்க, எல்லாமே பக்கத்துப் பக்கத்துல.

கி.பி. 77 வாக்குல பிளினின்னு ஒரு ரோமாக்காரர் எழுதி வச்சிருக்காரு, பெரில் இந்தியாவத் தவிர வேற எடத்துல அபூர்வம்னு. ஆறு பட்டை போட்டாத்தான் ஒளி வருதாம். இந்தியாக்காரங்களுக்கு நீளமான பெரில்னா உசுராம், இந்தக் கல்லுக்குத் தங்கமே வேண்டாம்னு ஓட்டை போட்டு யானை மயிருல கோத்துப் போட்டுக்குவாங்களாம். படிச்சதும் எனக்கு சிலிர்த்துடுச்சு, எங்க மாமா கைல இப்பவும் யானைமுடி மோதிரம் இருக்கே! பளிங்குக்கு சாயம் ஏத்தி போலி பெரில் பண்றதுலயும் கெட்டிக்காரங்கன்னு அவரே எழுதியிருக்காரு. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ், அதான் ரோமாக்காரங்க காசு, இந்தியாவுக்குப் போயிருதேன்னு புலம்பல் வேற. அந்தக் காசுல கொஞ்சம் இங்கதான் வந்துச்சு, கோயமுத்தூர் கரூர் பக்கம் காட்ட உழறப்ப பானை பானையா அகஸ்டஸ், திபேரியஸ் காசு கெடைச்சிருக்கு.

பேரோட கதையும் சேர்த்துச் சொல்லணும். சமஸ்கிருதத்துல வைடூர்யம், பாலி மொழில வேளுரிய, கிரேக்கத்துக்குப் போயி பெரில்லோஸ், அதுல இருந்து பெரில். நாம பள்ளிக்கூடத்துல படிச்ச பெரிலியம் அந்தக் கல்லுல இருந்து 1798ல கண்டுபுடிச்சதுதான். ஜெர்மன்காரங்க மூக்குக்கண்ணாடிய ப்ரில்லன்னு சொல்றதும் அதே வேருல இருந்துதான், தெளிவான பெரில முன்னாடி லென்சா தேச்சிருக்காங்க. நம்ம ஊர்ல இப்ப வைடூரியம்னா பூனைக்கண்ணுக்கல். பேரு வேற கல்லுக்குப் போயிடுச்சு.

காங்கேயத்துல கல்லு வியாபாரம் பண்ற ஒரு பெரியவரப் பாக்க வழி கெடைச்சுது. வீட்டுத் திண்ணைதான் ஆபீசு. வெள்ளைக் காகிதத்த ஒரு தனி மடிப்பு மடிச்சு பொட்டலம் பொட்டலமா வச்சிருக்காரு, ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டினாரு. கார்னெட்டு, செவ்வந்தி, சந்திரகாந்தக்கல். சந்திரகாந்தத்த வெயில்ல வச்சுத் திருப்பச் சொன்னாரு. திருப்பினா உள்ள ஒரு நீல வெளிச்சம் பால்ல மெதக்கற மாதிரி நகருது, கல்ல நகத்தாம கண்ண நகத்தினாலும் அதுவும் நகருது. உள்ள ரெண்டு வெதமான தாது வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கறதால வெளிச்சம் அதுல பட்டு செதறுதாம். அஞ்சு நிமிஷம் நானும் அவரும் ஒண்ணுமே பேசல. அப்புறம் என் அட்டிகையப் பாத்துட்டு, "இது நம்ம காட்டுக் கல்லு இல்லீங்க அம்மிணி. திருச்சிக்குப் போங்க, அங்க பட்டறைக்காரங்க பாத்தா ஜாதகமே சொல்லிருவாங்க"ன்னாரு.

சாயந்திரம் சிவன்மலை ஏறினேன். இங்க ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கு. யாராவது பக்தர் கனவுல வந்து சாமி ஒரு பொருளச் சொன்னா, பூப் போட்டுப் பாத்து உத்தரவு வாங்கி அந்தப் பொருள உள்ள வைப்பாங்க, அடுத்த கனவு வர்ற வரைக்கும் அதுதான். மேல இருந்து பாத்தா சுத்தி முழுக்க வெளிறின பாறையும் செம்மண்ணும். கீழ எங்கயோ இன்னும் நீலக்கல்லு படுத்துக் கெடக்கும்.

நாள் 3: கரூர்

இன்னிக்கு கொஞ்சமாத்தான் எழுதப் போறேன், காய்ச்சல் மாதிரி இருக்கு. கரூர் அமராவதி ஆத்து மணல்ல ரோமக் காசு, சேரர் காசோட சேர்ந்து தங்க மோதிரமும் கெடைச்சிருக்கு, அதுல ஒண்ணுல ஒரு ஆணும் பொண்ணும் நிக்கற உருவம், விரல் நுனி அளவு எடத்துல. பாலத்து மேல நின்னு ஆத்தப் பாத்தேன். யாரு விரல்ல இருந்து கழண்டு விழுந்துச்சோ, அன்னிக்கு அவங்க என்ன பாடு பட்டாங்களோன்னு நெனைச்சேன். மண்டபத்துல நான் தேடின மாதிரிதான தேடியிருப்பாங்க. மாத்திரை போட்டுட்டு தூங்கப் போறேன்.

நாள் 4: திருச்சி, உறையூர்

ஒடம்பு தேவல. இன்னிக்கு நெறைய இருக்கு சொல்ல.

திருச்சின்னா கல்லுப் பட்டறை. செயற்கைக் கல்லு, அமெரிக்கன் டைமண்டுன்னு நாம சொல்றதெல்லாம் இந்த ஊர்லயும் சுத்துப்பட்டு கிராமத்துலயும் வீட்டுக்கு வீடு பட்டை தீட்டின காலம் உண்டு. பொம்பளைங்க சமைச்சு முடிச்சுட்டு சாணைல உக்காந்துருவாங்களாம். வெளிநாட்டு மெஷின் கல்லு மலிவா வந்து எறங்கவும் பாதிப் பேரு வேற வேலைக்குப் போயாச்சு. உறையூர் பக்கம் ஒரு சந்துல ரெண்டு பேரு மட்டும் உக்காந்திருக்கற பட்டறைக்கு ஆட்டோக்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு. புருஷனும் பொண்டாட்டியும். அவருக்கு அறுபது இருக்கும்.

அட்டிகைய வாங்கி மொதல்ல தொட்டுக் கும்பிட்டாரு. அப்புறம் கண்ணுல லென்ஸ மாட்டிக்கிட்டு, டியூப்லைட்ட அணைச்சுட்டு, ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொரு கல்லா சாச்சுப் பாத்தாரு. முழுசா முக்கால் மணி நேரம். நான் டீ குடிச்சு முடிச்சு டம்ளரையும் கழுவி வச்சுட்டேன், அவரு நிமிரவே இல்ல. நிமிர்ந்து, "பாப்பா, நெஜத்தச் சொன்னா வருத்தப்படக்கூடாது"ன்னாரு. 26ல 24 செயற்கைக் கல்லு.

லென்ஸ எங்கிட்டயே குடுத்துக் காட்டினாரு. உள்ள கோடு தெரியுது, பழைய கிராமபோன் தட்டுல இருக்கற மாதிரி வளைஞ்ச வளைஞ்ச கோடு. ஒரு எடத்துல குட்டியா உருண்டையா காத்துக்குமிழி. பூமிக்குள்ள வெளஞ்ச கெம்புல கோடு நேரா, கோணம் கோணமாத்தான் போகும், வளையாது. பிரான்ஸ்ல வெர்னாய்னு ஒருத்தர் 1902ல வெளிய சொன்ன முறை இது. அலுமினா பொடியோட கொஞ்சம் குரோமியம் சேர்த்து ரெண்டாயிரம் டிகிரிக்கு மேல எரியற சுடருக்குள்ள சலிச்சு விடுவாங்க, உருகி சொட்டுச் சொட்டா கீழ ஒரு குச்சி மேல எறங்கி, சுரைக்காக் காம்பு மாதிரி வளரும். மேல மேல வளைவா படியறதால அந்தக் கோடு. பூமிக்குள்ள கோடிக்கணக்கான வருஷத்துல ஆகறது சில மணி நேரத்துல ஆயிடுது. ஆனா அதே பொருள்தான், அதே கெட்டி, அதே செவப்பு. கண்ணாடி இல்ல.

எனக்கு முகம் வாடினத அந்த அக்கா பாத்துட்டாங்க. "இங்க பாரும்மா"ன்னு ரெண்டு கல்லக் காட்டினாங்க, "இதுவும் அதுவும் ஒரே மாதிரியா இருக்கு? இது ஒரு பக்கம் சப்பை, அது உச்சி கொஞ்சம் தள்ளி. மெஷின் போட்டா அச்சா இருக்கும். இது ஒருத்தரு குச்சில ஒட்ட வச்சு வெரலாலயே கோணம் பாத்துத் தேச்சது. 24ம் தனித்தனியா 24 தடவ தேச்சிருக்காங்க." அதுக்கப்புறம்தான் அட்டிகைய நான் ஒழுங்கா பாத்தேன்னு சொல்லணும். இத்தன வருஷம் செவப்பா ஒரு வரிசைன்னு மட்டும் பாத்திருக்கேன்.

மீதி ரெண்டு? கொக்கிக்குப் பக்கத்துல ரெண்டு ஓரத்துலயும் இருக்கற கடைசிக் கல்லு. அது பூமில வெளஞ்ச நெஜக் கெம்பு. உள்ள பட்டு நூலு மாதிரி மெல்லிசா வெள்ளை ஓடுது. ரெண்டும் ஜோடி. "இது வேற ஏதோ நகைல இருந்து வந்திருக்கு"ன்னாரு. அங்கயே அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் சத்தமே காட்டல, அப்புறம் சொன்னாங்க: "அம்மாயியோட அம்மாவுக்கு ஒரு ஒத்தக்கல் தோடு இருந்துச்சுடி. அத அழிச்சுத்தான் அட்டிகை பண்ணாங்கன்னு அம்மாயி சொல்லும், நாந்தான் காதுல வாங்காம இருந்துட்டேன்." நான் பாத்தே இராத ஒரு கெழவி காதுல இருந்த ரெண்டு கல்லு எங்கழுத்துக்குப் பின்னாடி, முடிக்குள்ள இத்தன நாளா இருந்திருக்கு.

காலிக் குழிக்கு கல்லு அவரே பண்ணித் தந்தாரு. தேன்மெழுக உருட்டி குழிக்குள்ள அமுக்கி எடுத்து அச்சு பாத்துக்கிட்டாரு. பழைய தகரடப்பால செயற்கைக் கெம்புத் துண்டு பத்து இருபது இருந்துச்சு, அதுல அட்டிகையோட பக்கத்துல வச்சு வச்சு நிறம் ஒத்துப் போற ஒண்ண எடுத்தாரு. குச்சி நுனில அரக்க விளக்குல காட்டி எளக்கி கல்ல ஒட்டி, சாணைல வச்சாரு பாருங்க, கண்ணு சாணைல இல்ல. காது குடுத்துக் கேக்கறாரு. சத்தம் மாறினா கோணம் மாறுதுன்னு தெரியுமாம். தேய்க்கறாரு, மெழுகோட வச்சுப் பாக்கறாரு, மறுபடி தேய்க்கறாரு. உச்சிய வேணும்னே ஒரு இழை தள்ளி வச்சாரு, மத்ததோட சேரணும்னு.

சிலப்பதிகாரத்துல மதுரை ரத்தினக்கடை வீதிய சொல்ற எடத்துல வைரத்தோட குத்தத்த வரிசையா சொல்வாரு இளங்கோ. காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்காக் கால் மாதிரி கீறல், கறை, புள்ளி, கோடு. இன்னிக்கு லென்ஸ்ல பாத்ததுக்கெல்லாம் அன்னிக்கே தமிழ்ல பேரு இருந்திருக்கு. இந்த அண்ணனும் கோட்ட "ரேகை"ன்னுதான் சொன்னாரு.

உறையூர்ங்கறதால இன்னொண்ணும் ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. கோப்பெருஞ்சோழன் ஊரு இது. அவரு வடக்கிருந்தப்ப, அதாவது வடக்கு பாத்து உக்காந்து சாப்பிடாம உசுர விடறப்ப, ஒரு தடவ கூட நேர்ல பாக்காத பிசிராந்தையார் பாண்டிய நாட்டுல இருந்து வந்து கூட உக்காந்தாரே, அதப் பாத்துட்டு கண்ணகனார் பாடினது புறநானூறு 218. "பொன்னும் துகிரும் முத்தும் மன்னிய மாமலை பயந்த காமரு மணியும்"னு ஆரம்பிக்கும். தங்கம் மண்ணுல, பவளமும் முத்தும் கடல்ல, மணி மலைல, ஒண்ணுக்கொண்ணு எவ்வளவோ தூரம், ஆனா ஒரு நல்ல நகை செய்யறப்ப எல்லாம் ஒரு எடத்துல வந்து சேர்ந்துருதேன்னு சொல்றாரு, அது மாதிரி சான்றோர் சான்றோரோட சேருவாங்களாம். நட்ப சொல்ல அந்தப் புலவருக்கு நகைதான் தோணியிருக்கு. காவேரிக்கரைல உக்காந்து அத மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு, கல்ல பஞ்சுல சுத்தி தீப்பெட்டில வச்சு, ராத்திரி ட்ரெயின் ஏறினேன்.

நாள் 5: வடசேரி

நாகர்கோவில்ல எறங்கினதும் காத்தே வேற. வடசேரி இங்கயேதான், பஸ் ஸ்டாண்டுக்கே அந்தப் பேருதான். பரதநாட்டியத்துக்குப் போடற தலைசாமான், நெத்திச்சுட்டி, சூரியன் சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம், மாங்காமாலை, ஒட்டியாணம் எல்லாம் அசலா கையால செய்யற எடம் இதுதான். முன்னாடி திருவிதாங்கூர்ச் சீமைல இருந்த ஊரு, 1956 நவம்பர் 1ல தான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. கோயில் விக்கிரகத்துக்குச் செஞ்ச வேலை, பின்னாடி ஆடற பொண்ணுங்களுக்கும் வந்துச்சு. 2007-08ல புவிசார் குறியீடும் கெடைச்சிருக்கு.

தெருவுல நடந்தா ஒரு வீட்டுல தட்டற சத்தம், ஒரு வீட்டுல ஊதற சத்தம். ஒரே ஆள் முழு நகையும் செய்யறதில்ல. வெள்ளித் தகட வெட்டி கூடு கட்டறவர் ஒருத்தர், கல்லு கட்டறவர் ஒருத்தர். கூடு கட்டற எடத்துல ரொம்ப நேரம் நின்னேன். வெள்ளிய தகடா அடிச்சு, நூலு மாதிரி பட்டை பட்டையா நறுக்கி, குறடால வளைச்சு, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குட்டிச் சுவரு. சேர்ற எடத்துல பத்தவைப்புப் பொடியத் தூவி ஊதுகுழலால சுடர வளைச்சு ஊதறாங்க. ஒரு நொடிதான், பொடி உருகி ஓடி சந்துக்குள்ள போயி நின்னுருது, பாத்தா ஒட்டே தெரியாது. பொடி வச்சுப் பேசறதுன்னு நாம சொல்றோமே, இங்க இருந்து வந்த பேச்சுன்னு சொல்வாங்க.

கல்லு கட்டற பெரியவருக்கு எழுபத்தஞ்சுக்கு மேல. "எங்க இருந்து வாறிய மக்களே?"ன்னு கேட்டாரு. சொன்னேன். அட்டிகையத் திருப்பி பின்பக்கத்த வெரலால தடவிட்டு, "இது நம்ம ஊரு கை இல்ல. உங்க சீமை கைதான். நல்ல கை"ன்னாரு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. மூணே முக்கால் பவுன்னு எழுதின சீட்டு இன்னும் பர்ஸ்ல இருக்கு. இவரு எடையே கேக்கல.

சாயந்திர வெளிச்சத்துல செய்ய மாட்டாராம். நாளைக்கு காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு.

நாள் 6: வடசேரி

எட்டுக்குப் போனா அவரு அதுக்கு முன்னாடியே குளிச்சு விபூதி பூசி உக்காந்திருக்காரு. கரி மூட்டி வச்சாச்சு.

மொதல்ல பழைய அரக்கு. சின்னக் கம்பிய சூடு பண்ணி குழிக்குள்ள விட்டு எளக்கி எளக்கி எடுத்தாரு. அடில ஒரு துணுக்கு வந்துச்சு, மெல்லிசா, ஓரமெல்லாம் கருத்துப் போன தகடு. கல்லுக்கு அடில வைக்கற தகடு அது. பின்பக்கம் மூடின நகை இல்லையா, வெளிச்சம் பின்னால இருந்து வர வழி இல்ல, அதனால முன்னால இருந்து உள்ள போற வெளிச்சம் தகட்டுல பட்டுத் திரும்பி கல்லு வழியா வெளிய வரணும். கல்லு எரியற மாதிரி தெரியறதுக்குக் காரணமே அடில யாரும் பாக்காத அந்தத் தகடுதான்.

புது அரக்கு வச்சாரு. தணல் பக்கத்துல நகையக் காட்டறாரு, எடுக்கறாரு, வெரல் புறங்கையால தொட்டுப் பாக்கறாரு, மறுபடி காட்டறாரு. ரொம்ப சூடானா பக்கத்துக் கல்லு எல்லாம் ஆடிப்போகும். அரக்கு மினுங்க ஆரம்பிச்சதும் புதுத் தகட வச்சு, தீப்பெட்டில இருந்து கல்ல எடுத்து நாக்கு நுனில தொட்டு ஈரம் பண்ணி, திருச்சி அண்ணன் சொன்ன அதே திசைல வச்சு, கட்டைவெரலால ஒரே அமுக்கு. சரியா உக்காந்துச்சு. மெழுகு அச்சு பொய் சொல்லல.

அப்புறம்தான் உண்மையான வேலை. சுத்தத் தங்கத்த வெத்தல நரம்பு கனத்துக்கும் கம்மியா அடிச்சு வச்ச பட்டை. அத இழை இழையா நறுக்கி, கல்லுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற சந்துல உளி நுனியால நெட்டறாரு. நெட்டி, அமுக்கி, மேல இன்னொரு இழை, அதையும் நெட்டி. சுத்தத் தங்கம்ங்கறதால சூடே இல்லாம, அமுக்கின அமுக்குலயே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துருது. கலப்பு இருந்தா சேராதாம். கல்லச் சுத்தி முழுசா ஒரு வட்டம் போக ஒண்ணேகால் மணி நேரம். கை நடுங்குது அவருக்கு, காபி டம்ளர் புடிக்கறப்ப நல்லாவே தெரிஞ்சுது. உளி புடிச்சா நடுக்கம் இல்ல. கடைசில வழவழன்னு ஒரு கல்லு முனைய வச்சு ஓரத்தத் தேச்சு மெருகு ஏத்தினாரு.

பையன் யாரும் இந்த வேலைக்கு வரலையான்னு கேட்டேன். ஒருத்தர் வெளிநாட்டுல, ஒருத்தர் பக்கத்துல கடை வச்சிருக்காராம். "பேத்தி ஒருத்தி வந்து உக்காருவா, லீவு நாள்ல. இழை நெட்ட படிச்சிட்டா"ன்னாரு. அந்தப் பொண்ணு காலேஜ் போயிருந்ததால பாக்க முடியல, அது மட்டும் எனக்குக் கொறை.

கூலி கேட்டது ரொம்பக் கம்மி, நான் கூட்டிக் குடுத்தேன், கொஞ்சம் தயங்கிட்டு வாங்கிக்கிட்டாரு. சுடுதண்ணில போடாதீங்க, சோப்பு போட்டுக் கழுவாதீங்க, செண்ட் அடிச்ச கழுத்துல போடாதீங்க, மெத்துன்னு துணில தொடச்சா போதும்னு சொல்லி, அந்தப் பழைய தகட்டுத் துணுக்க ஒரு காகிதத்துல மடிச்சு, "இதும் உங்களோடதுதான்"னு கைல குடுத்தாரு.

இப்ப நாகர்கோவில் ஸ்டேஷன்ல உக்காந்து இத டைப் பண்றேன். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு கழுத்தக் காட்டினேன், எது புதுசு சொல்லுன்னு. கண்ணாடிய மாட்டிட்டு வந்து, கிட்டக்க கொண்டுவா, தள்ளிக் காட்டுன்னு படுத்தி எடுத்து, கடைசில வலது பக்கம் ஏழாவதுன்னாங்க. அந்தப் பக்கமே இல்லம்மா. அப்புறம் கொக்கிப் பக்கம் இருக்கற ரெண்டு கல்லக் காட்டச் சொன்னாங்க. முடிய ஒதுக்கி திரும்பிக் காட்டினேன், ரொம்ப நேரம் அப்படியே திரும்பியே உக்காந்திருந்தேன், அவங்க போதும்னு சொல்லவே இல்ல.

ட்ரெயின் வருது. துப்பட்டாவ சுத்திட்டேன், அட்டிகைய கழட்டல. அரக்கு வாசம் இன்னும் லேசா இருக்கு.